மடிப்பு அவள், வெட்டு நான்

நான் ஓட்டை விற்றுப் பிழைக்கிறவன்.

சிரிக்காதீர்கள். ஒரு முழு வண்ணத்தாளை மடித்து, கத்தரியால் அங்கங்கே வெட்டி எறிந்துவிட்டுப் பிரித்தால், மிச்சம் இருப்பது தோரணம். வாங்க வருகிறவர் அதைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பதெல்லாம் ஓட்டைகளைத்தான். கோயமுத்தூரில் உக்கடத்துக்குப் பக்கம் ஒரு சந்தில் உட்கார்ந்துகொண்டு, அம்மன் நோம்பித் திருவிழா, கல்யாணம், தர்கா சந்தனக்கூடு, காதுகுத்து, சாவு என்று எல்லாச் சாதி சனத்துக்கும் ஓட்டை போட்டுக் கொடுத்திருக்கிறேன். பிறக்கும்போதே கையில் கத்தரியோடு பிறந்தேன், தொப்புள்கொடியை நானே வெட்டிக்கொண்டேன், வந்த மருத்துவச்சி வேலை இல்லை என்று காப்பி குடித்துவிட்டுப் போனாள். இதைச் சொன்னால் வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் நம்புவார்கள். என் மனைவி ஜமீலா மட்டும் நம்பியதே கிடையாது.

எங்கள் கடையில் மடிப்பது ஜமீலா, வெட்டுவது நான். கூட்டம் என் கையைத்தான் வேடிக்கை பார்க்கும். ஆனால் மடிப்பு ஒரு நூல் பிசகினால் பூ கோணிக்கொள்ளும், வட்டம் முட்டையாகிவிடும். அவள் இந்த வேலையை என்னிடம் கற்கவில்லை. அவளுடைய அத்தாவும் காகிதம் வெட்டுகிறவர்தான். பாவாடை கட்டிய வயதிலேயே தகப்பனாருக்கு மடித்துக் கொடுத்தவள், அப்புறம்தான் எனக்கு வாழ்க்கைப்பட்டாள்.

போன வருஷம், அவளுக்கு மறதி நோய் என்று டாக்டர் சொன்னார். "புதுசா நடந்ததெல்லாம் மொதல்ல மறக்கும். பழசு கடைசி வரைக்கும் இருக்கும்" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார், பாவம். நான் திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே வரிசை போட்டுப் பார்த்தேன். முதலில் பேரப்பிள்ளைகள் போவார்கள். அடுத்து மகள். அதற்கடுத்து நான். மடிப்பு என்னைவிட மூத்தது, அதனால் அது கடைசியில்தான் போகும். அதாவது, நான் யாரென்று தெரியாமல் போன பிறகும் ஜமீலா எனக்கு மடித்துக் கொடுப்பாள். கடைக்கு ஒரு குறையும் வராது. எனக்குத்தான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், நீங்களும் எந்த பஸ்ஸிலோ உட்கார்ந்து இந்த வரிசையைப் போட்டிருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் தோரணத்தைப் பார்த்துக்கொண்டு போகலாம்.

பாதி மயில்

மடித்த தாளுக்கு ஒரு பக்கம் மூடியிருக்கும், மறுபக்கம் திறந்திருக்கும். மூடின பக்கத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, திறந்த பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டு வர வேண்டும். பாதி மயிலை வெட்டினால் போதும், பிரித்தால் தோகை விரித்த முழு மயில். மூடின பக்கத்தில் கத்தரி ஓடிவிட்டால் தாள் இரண்டு துண்டு. ஊரிலுள்ள சோத்தாங்கைக்காரர்களுக்கெல்லாம் மூடின பக்கம் இடது பக்கம் வர வேண்டும். நான் பீச்சாங்கைக்காரன், எனக்கு வலது பக்கம் வர வேண்டும். கல்யாணமான புதிதில் ஒரு தடவை சொன்னேன், அவ்வளவுதான். அன்றிலிருந்து ஜமீலா ஒவ்வொரு மடிப்பையும் எனக்குத் தோதாகத் திருப்பித்தான் வைப்பாள். நான் குனிந்து பார்த்ததே இல்லை. கண் வந்தவர் முகத்தில், வாய் கதையில், கை மட்டும் காகிதத்தில்.

ஒரு நாள் காரமடைப் பக்கத்திலிருந்து ஒருவர் அம்மன் நோம்பிக்கு மயில் தோரணம் கேட்டு வந்து உட்கார்ந்திருந்தார். நான் கட்டிய தோரணம் ஒன்று ஆடிக்காற்றில் அறுந்து பாலக்காட்டுக்குப் போய், அங்கே மழையில் நனைந்து, ஈரத்தோடு திரும்பி வந்த கதையை அவருக்குச் சொல்லிக்கொண்டே வெட்டித் தள்ளினேன். எல்லாம் முடிந்து ஒரு கட்டைப் பிரித்தால், மயில் இரண்டாகப் பிளந்து மடியில் விழுந்தது. அடுத்த கட்டும் அப்படியே. பாதித் தோகை, ஒற்றைக் கால், அரைக் கொண்டை. காரமடைக்காரர் முகம் சுருங்குவதற்குள் வாயைத் திறந்துவிட்டேன். "இது புது மாதிரிங்க. பாதி மயிலு இந்தப் பக்கத்துக் கம்பத்துல, மிச்சப் பாதி எதுத்த கம்பத்துல. நடுவுல அம்மன் வர்றப்ப, பாக்கறவங்க கண்ணுல அது முழு மயிலாயிருமுங்க." அவர் ரொம்ப நேரம் யோசித்தார். அப்புறம் கட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு, வெட்டாமல் கிடந்த மடிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஒன்றில்கூடப் பிசகில்லை. கோடு போட்டது போல் மடித்து, எல்லாவற்றையும் மூடின பக்கம் இடது பக்கமாக அடுக்கியிருந்தாள். சோத்தாங்கைக்காரர் ஒருவருக்கு வைத்தது மாதிரி. அவளுடைய அத்தா சோத்தாங்கைக்காரர். அன்றிலிருந்து அவள் வைப்பதை நானே திருப்பிக்கொள்கிறேன். நோம்பி முடிந்து காரமடைக்காரர் கம்பத்தின் மிச்சக் கயிறோடு ஒரு நாள் வந்தார். "ஏனுங்க பாய், ஊரே பாத்துப்போட்டு நல்லாருக்குதுன்னு சொல்லுது. எனக்கு மட்டும் ரெண்டு பாதியும் ஒன்னு சேரவே மாட்டேங்குதுங்க."

மூணு கால் காளை

காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கும் ஒருவர் ஆயுதபூஜைக்கு வருஷா வருஷம் எங்களிடம்தான் வாங்குவார். தேங்காயெண்ணெய் வாசனையோடு வந்து உட்காருவார். அவருக்குக் காளைக் கதை என்றால் உயிர். நானும் வருஷா வருஷம் அதைப் பெரிசாக்கிக்கொண்டே வந்தேன். ஆள் உயரத்துக்கு ஒரு காங்கேயம் காளையைக் காகிதத்தில் வெட்டினேன். திமில் முடிவதற்குள் அது மூச்சுவிட ஆரம்பித்துவிட்டது. நாலாவது காலை வெட்டினால் ஓடிப்போய்விடும் என்று மூன்று காலோடு நிறுத்திக்கொண்டேன். கடை வாசலில் தொங்கவிட்டேன், அந்த வழியாகப் போன வண்டிமாடு நுகத்தடியோடு நின்று கும்பிட்டது.

முன்பெல்லாம் இந்த இடத்தில் ஜமீலா தலையைத் தூக்காமலே சொல்லுவாள்: "போன வருசம் அது கெடாயா இருந்துச்சுங்க. அதுக்கு முந்தின வருசம் சேவலு." காங்கேயத்துக்காரர் உருண்டு உருண்டு சிரிப்பார். அவர் வந்ததே அதற்காகத்தான் என்று நினைக்கிறேன். கதையில் மட்டும் மடிப்பு என்னுடையது, வெட்டு அவளுடையது. புளுகுகிறவனுக்கு நம்புகிற ஆள் ஊரெல்லாம் கிடைப்பான். நம்பாத ஆள் பக்கத்தில் இருந்தால்தான் புளுகு நிமிர்ந்து நிற்கும்.

இந்த வருஷம் நான் மூன்றாவது காலுக்கு வந்தபோது, மடிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "அய்யோ, அப்பறம் எப்படீங்க அது நிக்கும்?" என்றாள். சுவரில் சாய்த்து வைத்தேன் என்றேன். "வலிச்சிருக்குமுங்களா?" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. நாலாவது காலையும் இன்றைக்கே வெட்டிக் கொடுத்துவிடுகிறேன் என்று நான் சத்தியம் செய்ய வேண்டியதாகிவிட்டது. காங்கேயத்துக்காரர் சிரிக்கவில்லை. சாமானைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டும்போது மெதுவாகச் சொன்னார். "பாய், இனி அம்மா முன்னாடி நெசத்தையே பேசுங்க. பாவம், எல்லாத்தையும் நம்பறாங்க."

யாருக்குங்க கல்யாணம்?

நிறைய வயசு வாழ்ந்து போனவர்களைச் சும்மா தூக்கிக்கொண்டு போனால் எங்கள் பக்கம் ஒப்பமாட்டார்கள். பாடையைச் சுற்றி மூங்கில் வளைத்து, வண்ணத்தாளில் பூவும் கொடியும் வெட்டி ஒட்டி, சின்னத் தேர் மாதிரி ஜோடித்துவிடுவார்கள். அந்த வேலைக்கு மட்டும் நான் கதை சொல்வதில்லை. வருகிறவர்கள் அழுத கண்ணோடு வருவார்கள், அவசரத்திலும் இருப்பார்கள்.

மதுக்கரையிலிருந்து ஒரு பையன்... பையன் என்ன, நரைத்த மீசைக்காரர், எனக்குப் பையன். சிமென்ட்டு வேலை செய்கிறவர் போலிருக்கிறது, நகக்கண்ணெல்லாம் சாம்பல். விடியற்காலம் தகப்பனார் போய்விட்டாராம். மஞ்சள், சிவப்பு, பச்சை என்று சொல்லிவிட்டு பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்தார். ஜமீலா தாளை எடுத்து மடித்துக்கொண்டே, "யாருக்குங்க கல்யாணம்?" என்று கேட்டாள். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன், புரிந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "பந்தல் பெருசுங்களா? யாருக்குங்க கல்யாணம்?" அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஜமீலா, சும்மா இரு" என்றேன். "நல்ல காரியத்துக்கு வந்தவங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதுங்களா?" என்று என்னைக் கோபித்துக்கொண்டாள்.

மூன்றாவது தடவை கேட்டபோது அடிக்க வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நான் கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். அந்த மனுஷர் எழுந்து வந்து அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். மடித்து வைத்திருந்த சிவப்புத் தாளைச் சாம்பல் படிந்த விரலால் தடவிப் பார்த்தார். நல்ல பதில் ஒன்று தேடுகிற மாதிரி இருந்தது. அப்புறம் சொன்னார். "எங்கய்யனுக்குத்தானுங்க அம்மா. பொண்ணு எங்கம்மாதான். முன்னாடியே போயிக் காத்துக்கிட்டு இருக்குது."

வேலைக்கு ஆகாத பொண்ணு

எங்கள் மகள் ஷமீமாவைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவளுடைய பிள்ளைகளின் பெயர்கள் ஜமீலாவிடமிருந்து முன்பே நழுவிவிட்டன. அதற்கு ஷமீமா அவ்வளவாக வருத்தப்படவில்லை. "எனக்கே அவனுங்க பேரு மாறி மாறித்தான் வருது" என்று சொல்லிச் சமாளித்தாள். ஒரு வெள்ளிக்கிழமை பையோடு வந்து நின்றாள். "அத்தா, அம்மாவ நான் கூட்டிக்கிட்டுப் போறேன். சந்துல வண்டி போகுது, கடை பூராக் கத்தரி. ஒரு நா இல்லாட்டி ஒரு நா எழுந்து வெளிய நடந்துட்டாங்கன்னா என்ன பண்ணுவீங்க?"

கேள்வியில் தப்பில்லை. மடித்துக்கொண்டிருக்கும் வரைக்கும் அவள் எழுந்து எங்கேயும் போகமாட்டாள் என்றேன். கதை சொல்கிறவன் நிஜம் பேசினால் அது எடுபடுவதில்லை. "உங்களுக்கு மடிக்க ஆள் வேணுங்கறதுக்காகச் சொல்றீங்க" என்றாள் ஷமீமா. அதுவும் பாதி நிஜம்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு, அம்மாவுக்குப் பக்கத்தில் கடைப்பாயில் உட்கார்ந்து, ஷமீமாவும் ஒரு கட்டுத் தாளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். சின்ன வயதில் அம்மா கற்றுக் கொடுத்தபடியே, என் பீச்சாங்கைக்குத் தோதாக, மூடின பக்கத்தை வலது பக்கம் திருப்பித் திருப்பி வைத்தாள். ஜமீலா ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்று, இரண்டு என்று அடுக்கு உயர உயர அவளுக்குப் பொறுக்கவில்லை. மகள் காதில் விழக்கூடாது என்பது போல என் பக்கம் சாய்ந்து, மகள் காதில் நன்றாக விழும்படி சொன்னாள். "ஏனுங்க, யாருங்க இந்தப் பொண்ண வேலைக்கு வெச்சது? எல்லா மடிப்பையும் தலைகீழா வெக்குது. இது ஆகாதுங்க, அனுப்பிப் போடுங்க."

ஏனுங்ணா

கூட்டிக்கொண்டு போகிற பேச்சை ஷமீமா அப்புறம் எடுக்கவில்லை. பஸ் ஏறும்போது, "பாத்துக்குங்கத்தா" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்தது நான்தான் என்று தெரியும். தெரிந்தும் சும்மா இருக்கிற ஆளா நான்? வரிசையை ஏமாற்றப் பார்த்தேன். அவளுக்குப் பழக்கமான அதே ஊதாச் சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போட்டேன். இடத்தை மாற்றாமல் உட்கார்ந்தேன். காலையில் எழுந்ததும், "நான்தான் வந்திருக்கேன்" என்று சம்பந்தமில்லாமல் சொல்லி வைத்தேன். சில நாள் சிரித்தாள். சில நாள், வந்தால் வந்துவிட்டுப் போங்கள் என்கிற மாதிரி பார்த்தாள். ஆனாலும் "ஏனுங்க" என்று கூப்பிடுவது நிற்கவில்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நானும் ஓட்டினேன்.

போன வாரம் ஒரு காலை. கல்யாண வேலை ஒன்று, ரோஸ் தாள். நான் வெட்டிக்கொண்டிருந்தேன், அவள் மடித்துக்கொண்டிருந்தாள். கடையில் வேறு யாரும் இல்லை. "ஏனுங்ணா" என்று குரல் கேட்டது. அண்ணா என்று கூப்பிடுகிறாளே, யாரோ வாடிக்கைக்காரி என்று வாசலைப் பார்த்தேன். வாசலில் யாரும் இல்லை. திரும்பினால் ஜமீலா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முக்காட்டை இழுத்து நெற்றி வரைக்கும் விட்டிருந்தாள், அந்நிய ஆண் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது விடுவாளே, அந்த மாதிரி.

"ஏனுங்ணா, ஒன்னு கேட்டாத் தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க." எனக்கும் மரியாதை தானாக வந்துவிட்டது.

"உங்க ஊட்டுக்காரம்மாவுக்கு மடிக்கத் தெரியாதுங்களா? வெளியாளக் கூப்புட்டு மடிக்கச் சொல்றீங்களே?"

காங்கேயத்துக்காரர் சொன்னபடி நிஜத்தையே பேசுவோம் என்று துணிந்தேன். "நல்லாத் தெரியுமுங்க. அவள மாதிரி மடிக்க இந்தக் கோயமுத்தூர்லயே ஆள் கெடையாது. அவ மடிச்சா தாளுக்கே வலிக்காதுங்க" என்றேன். ஒரு பொட்டுகூடக் கூட்டிச் சொல்லவில்லை. நான் நினைத்தது, எங்கேயாவது ஒரு மூலையில் அது போய்ப் பட்டுவிடாதா என்று.

பட்டது. ஆனால் வேறு இடத்தில். தொழில்காரி முன்னால் இன்னொரு தொழில்காரியைப் புகழ்ந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கை நின்றது. உதடு கோணியது. மடித்த அடுக்கை அப்படியே என் பக்கம் தள்ளினாள். "அப்ப அந்தக் கெட்டிக்காரியவே வரச் சொல்லி மடிச்சுக்குங்க. எங்கத்தா வந்துருவாரு, நான் அவருகூடப் போறேன்." எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டாள். அவளுடைய அத்தா கபரில் போய்ப் படுத்து எத்தனையோ காலமாகிறது. வெளியே சந்தில் ஆட்டோவும் பைக்குமாகப் போய்க்கொண்டிருந்தது. ஷமீமா சொன்னது காதில் கேட்டது. நான் எழுந்து போய்க் கையைப் பிடித்தால் ஊரைக் கூட்டிவிடுவாள், நான்தான் அந்நியன் ஆயிற்றே.

இவ்வளவு காலம் எத்தனை பேரிடம் எவ்வளவு புளுகியிருக்கிறேன், அந்த நேரத்துக்கு ஒன்றுகூட வாயில் வரவில்லை. வந்ததைச் சொன்னேன். "அவ இப்ப இல்லீங்க. போயிட்டாளுங்க."

வாசல்படியில் ஒரு காலை வைத்திருந்தவள் திரும்பினாள். "எங்க போயிட்டாங்க?"

"தெரியலீங்க. சொல்லாம போயிட்டா."

"சண்டைங்களா?"

"சண்டையெல்லாம் ஒன்னும் இல்லீங்க. நல்லாத்தான் இருந்தோம்."

என்னைப் பார்த்தாள். என் முகம் எப்படி இருந்ததோ. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். தள்ளிவிட்ட அடுக்கை இழுத்து மடியில் வைத்து, ஓரத்தை நகத்தால் நீவினாள். "சண்டை இல்லீன்னா கண்டிப்பாத் திரும்பி வந்துருவாங்க. செரி உடுங்ணா, அவங்க வர்ற வரைக்கும் நான் மடிச்சுத் தாரேன்."

ஊரெல்லாம் என் புளுகை நம்பித் தலையாட்டியது போக, இப்போது அவள் சொன்ன இந்த ஒரு பொய்யை நம்பித்தான் நான் தினமும் கடை திறக்கிறேன்.